ஊமை ஆவிக்கு ஒரு கோப்பு

சபை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருப்பதைப் பார்த்ததும் தண்ணீர் மீட்டர்காரர் அதை அவசரமாகக் கையில் எடுத்தார். பதினான்கு மாதங்களுக்கு முன்னால், மனைவியை அடக்கம் செய்த வாரத்தில், வீட்டுக்கு யாராவது வந்து ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போனால் ஆறுதலாக இருக்கும் என்று ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குத்தான் பதில் வந்திருக்கிறது என்று நினைத்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று உறையைக் கிழித்தார்.

கடிதம் வேறு மாதிரி இருந்தது. தங்கள் இல்லத்தில் அசுத்த ஆவி ஒன்று குடியிருப்பதாக நம்பத்தகுந்த இடத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது. மேற்படி ஆவியுடன் ஏழு நாளுக்குள் நேரில் ஆஜராக வேண்டும். தவறினால் ஆவி தங்கள் சம்மதத்தின் பேரில் தங்கியிருப்பதாகக் கருதப்படும். கீழே, 'அசுத்த ஆவிகள் அகற்றல் மற்றும் ஆவணத் துறை' என்று முத்திரை. தகவல் கிடைத்த மூன்றாம் நாளே கடிதத்தைத் தபாலில் சேர்த்திருந்தார்கள். பதினான்கு மாதமாக அசையாத சபை, மூன்றே நாளில் இப்படித் துள்ளி எழுந்திருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியம்.

நம்பத்தகுந்த இடம் எது என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கீழ்வீட்டு அம்மாளின் சமையலறையும் இவருடையதும் ஒரே குழாயில் தொங்குபவை. மேலே பாத்திரம் விழுந்தால் கீழே கேட்கும். மேலே மனிதர் பேசினால் கேட்காதா?

அவர் பேசத்தான் செய்தார். அவருடைய வேலை வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது. ஒரு நாளைக்கு நூற்றிருபது கதவு திறக்கும். ஒரு வாய் திறக்காது. ஒரு கை மட்டும் நீண்டு மீட்டர் இருக்கும் மூலையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடும். சாயங்காலம் வீடு திரும்பி, அரிசியைக் களைந்தபடியே அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் மனைவியிடம் சொல்வார். எந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது, எந்த வீட்டுக் கொடியில் புதிதாகக் குழந்தைத் துணி காய்கிறது என்றெல்லாம். அவள் உயிரோடு இருந்தபோதும் அதிகம் பேசியவள் இல்லை. வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே "உம்" போடுவாள், அவ்வளவுதான். ஆகவே அவள் போன பிறகு பேச்சில் பெரிய மாற்றமொன்றும் இல்லை. அந்த "உம்" மட்டும் இல்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல் இல்லாததால் வீடு முழுவதும் ஓட்டை விழுந்தது போலிருந்தது.

துறை, சபைக் கோயிலுக்குப் பின்னால் ஒரு நீளமான கட்டடத்தில் இயங்கியது. வாசல் பலகையில் புதுப் பெயர் எழுதியிருந்தார்கள். அடியில் 'வீடு சந்திப்புப் பிரிவு' என்ற பழைய எழுத்து இன்னும் மங்கலாகத் தெரிந்தது. தன் பழைய விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று முதலில் அதைத்தான் விசாரித்தார். எழுத்தர் அம்மாள் தலையை நிமிர்த்தாமல், அந்தப் பிரிவைப் போன வருஷமே இதோடு சேர்த்துவிட்டார்கள் என்றாள். யாரும் பயன்படுத்தவில்லை என்று மூடினார்களாம். விண்ணப்பங்கள் எல்லாம் அப்படியே கிடந்ததால், பயன்படுத்தியவர் கணக்கு பூஜ்யமாகத்தானே இருக்கும்.

"பேய் இருந்தா ஆள் வருவாங்க ஐயா. சும்மா தனியா இருக்கறதுக்கெல்லாம் ஆள் ஒதுக்க விதியில்ல."

பிறகு ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள். ஆவி கூடவே வந்திருக்கிறதா, வீட்டில் விட்டு வந்திருக்கிறாரா? எப்போது குடிவந்தது? ஒன்றா, கூட்டமா? பேசுமா?

அவர் உண்மையைச் சொன்னார். பேசுவது தான்தான் என்றும், இறந்துபோன மனைவியிடம் பேசுவதாகவும், அவள் பதில் சொல்வதில்லை என்றும் சொன்னார்.

"பதிலே சொல்றதில்லையா?"

"முன்னாடியும் ரொம்பச் சொல்ல மாட்டாம்மா."

எழுத்தர் அம்மாள் 'ஊமை ஆவி' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அடுத்த கேள்வி, வீட்டுக்கு அருகில் பன்றிகள் உண்டா, உண்டெனில் எத்தனை என்பது. மீட்டர்காரர் விழித்தார். வேதத்தில் ஆவிகள் வெளியேறியபோது இரண்டாயிரம் பன்றிக்குள் புகுந்து, அத்தனையும் கடலில் விழுந்து செத்தன. அந்தச் சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இன்றுவரை தீரவில்லை. ஆகவே துறை இதில் உஷாராக இருக்கிறது என்று அவள் விளக்கினாள். தான் குடியிருப்பது மூன்றாம் மாடி என்று அவர் சொன்னார். அப்படியானால் மூன்றாம் மாடியில் பன்றி இல்லை என்று சுகாதார அலுவலகத்தில் ஒரு சான்று வாங்கி வரச் சொன்னாள்.

அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. சுகாதார ஆய்வாளர் நேரில் வந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், குளியலறையைத் திறந்து பார்த்தார், 'ஆய்வு நேரத்தில் காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். அவர் போன பிறகு மீட்டர்காரர் கதவருகே கொஞ்ச நேரம் நின்றார். மனைவி போன பிறகு அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள், பன்றியைத் தேடி வந்தவர்.

சான்றிதழோடு போனபோது இயக்குநரைப் பார்க்கச் சொன்னார்கள். பேய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர், ஐம்பதைத் தாண்டியிருப்பார், ஒற்றை ஆளுக்கு மூன்று மேசை. கழுத்தில் புகைப்பட அடையாள அட்டை தொங்கியது. துறையில் எல்லோர் கழுத்திலும் அது தொங்கியது. மீட்டர்காரரின் கண் அதில் நிற்பதைப் பார்த்து இயக்குநரே காரணம் சொன்னார். வேதத்தில் பேயோட்டப் போன சிலரைப் பார்த்து, அவரைத் தெரியும், இவரைத் தெரியும், நீங்கள் யார் என்று பேய் கேட்டதாம். பதில் சொல்ல முடியாமல் அடி வாங்கி, கட்டிய துணியில்லாமல் ஓடினார்களாம். அப்படியொரு நிலைமை இந்தத் துறைக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் அட்டை.

பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நம்ம ஜனங்க பேயைக் குறைச்சு எடை போட்டு வச்சிருக்காங்க. வேதத்தை எடுத்துப் பாருங்க. ஆண்டவரைப் பார்த்த உடனே யாருன்னு கண்டுபிடிச்சது யாரு? கூடவே இருந்த சீஷர்களா? படிச்ச பெரியவங்களா? பேய்ங்கதான். உபதேசத்துல அதுங்க ஒரு தப்புப் பண்ணினது கிடையாது. இந்தத் துறைக்கு ஆள் எடுக்கறப்ப ஒரு பரீட்சை வைக்கறோம். அந்த அளவுக்கு மார்க் வாங்கின ஆள் இதுவரைக்கும் கிடைக்கல."

அப்படியானால் வித்தியாசம்தான் என்ன என்று மீட்டர்காரர் பணிவாகக் கேட்டார்.

"அதுங்க நம்புது, நம்பி நடுங்குது. நாங்க நம்பறோம். ஆனா நடுங்கறதில்ல."

இதைச் சொல்லிவிட்டு, ஊமை ஆவி என்பது எல்லாவற்றிலும் கடினமான வகை, சீஷர்களாலேயே அதை விரட்ட முடியவில்லை, ஜெபமும் உபவாசமும் வேண்டும், ஆகவே விளைவுக்குத் துறை பொறுப்பேற்காது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நாற்பது நாளைக்குப் புதன்கிழமைதோறும் இரண்டு ஊழியர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தவிர மற்ற எதுவும் மீட்டர்காரர் காதில் ஏறவில்லை. வாராவாரம் இரண்டு பேர் வீட்டுக்கு வருவார்கள். பேய் இருக்கிறதா இல்லையா என்று இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு வெளியே வந்தார்.

முதல் புதன்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டார். ஒட்டடை அடித்தார். நாற்காலிகளில் மலைபோல் குவிந்திருந்த துணியை மடித்து வைத்தார். புதிதாக இரண்டு கோப்பை வாங்கி வந்தார். ஐந்து மணிக்கு ஒரு நெட்டை ஊழியரும் ஒரு குட்டை ஊழியரும் வந்தார்கள். தேநீர் கொண்டுவந்து வைத்தார். உபவாசம் என்று கையைக் காட்டினார்கள். உட்கார்ந்து பேச ஆசையாக நாற்காலியை இழுத்தவரிடம் நெட்டை ஊழியர் தயக்கத்தோடு சொன்னார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க ஐயா. ஆவியோட பேசறப்ப வேற யாரும் இருக்கக் கூடாது."

"அது எனக்குள்ளதான் இருக்குன்னு நினைச்சேனே?"

குட்டை ஊழியர் கையேட்டைப் புரட்டிப் பார்த்தார். ஆவி வீட்டில் குடியிருப்பதாகத்தான் கோப்பில் இருக்கிறது, ஆளுக்குள் என்று இல்லை. தவிர, வீட்டுக்காரர் முன்னால் அது கூச்சப்படும் என்றார்.

ஆகவே அவர் மாடிப்படி நடையில் போய் நின்றுகொண்டார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஒருவர் கேள்வி கேட்பதும், பதிலுக்குக் காத்திருப்பதும், மற்றவர் இருமுவதும் கேட்டன. கதவின் அடியில் கோடாக வெளிச்சம் விழுந்திருந்தது. முதலில் மனம் சுருங்கியது. சற்று நேரம் போனதும் அவருக்கே தெரியாமல் ஒரு சுகம் வந்து ஒட்டிக்கொண்டது. ஆட்கள் இருக்கிற வீட்டுக்கு, விளக்கு எரிகிற வீட்டுக்கு, வேலை முடிந்து வந்து வாசலில் நிற்பது போலிருந்தது. கதவைத் தட்டினால் யாராவது திறப்பார்கள். அவர் தட்டவில்லை. தட்டாமல் நிற்பதே போதுமாக இருந்தது.

ஆறு புதன்கிழமைகள் இப்படிப் போயின. வருகிறவர்கள் வரும்போது வணக்கம், போகும்போது வணக்கம். நடுவிலுள்ள ஒரு மணி நேரமும் ஆவிக்குத்தான். ஒரு முறை நெட்டை ஊழியர் வெளியே வந்து, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மீட்டர்காரர் பானையைக் காட்டி, பக்கத்துத் தெருவில் பெரிய குழாய் உடைந்திருக்கிறது, அதனால்தான் இரண்டு நாளாகத் தண்ணீர் கலங்கல் என்று ஆரம்பித்தார். அவர் பாவம், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிஷம் கேட்டார். உள்ளேயிருந்து குட்டை ஊழியர் கூப்பிட்டதும் போய்விட்டார்.

நாற்பதாம் நாள் அறிக்கை தயாராயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆகவே ஆவி ஊமை என்பது ஐயமற நிரூபணமாயிற்று. கடைசி நாளில் போய்விட்டாயா என்று கேட்டதற்கும் பதில் இல்லை; ஆகவே போய்விட்டது. வீடு காலியாகவும், பெருக்கப்பட்டதாகவும், ஒழுங்காகவும் இருக்கிறது என்று முத்திரை வைத்த சான்றிதழ் கொடுத்தார்கள். கூடவே ஓர் உறுதிமொழித் தாள். இனி வீட்டுக்குள், எதிரில் இல்லாத எவரோடும் பேசுவதில்லை என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார்.

அடுத்த புதன்கிழமை ஐந்து மணிக்குப் பழக்கத்தில் நடைக்குப் போய் நின்றார். யாரும் வரவில்லை. உள்ளே போய் அரிசியைக் களைந்தார். பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டில் மீட்டருக்குள் ஓணான் முட்டையிட்டிருந்தது. அதைச் சொல்ல வாய் திறந்தவர், கையெழுத்து ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது. இப்படி மூன்று வாரம். பகலில் நூற்றிருபது வீட்டில் பேசாதவர், இப்போது நூற்றிருபத்தோராவது வீட்டிலும் பேசவில்லை. ஒரு நாள் பல் துலக்கும்போது தன் குரல் எப்படியிருக்கும் என்று சந்தேகம் வந்து, லேசாகச் செருமிப் பார்த்தார்.

பொழுது போகாமல் வேதத்தைப் புரட்டியபோதுதான் அந்த இடம் கண்ணில் பட்டது. வெளியே போன ஆவி வறண்ட இடங்களில் எல்லாம் அலைந்துவிட்டுத் திரும்பி வருகிறது. விட்டுப்போன வீடு காலியாக, பெருக்கி, ஒழுங்காக இருப்பதைப் பார்க்கிறது. தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறது. சான்றிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே மூன்று சொற்கள்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனார். அவர் வாசித்துவிட்டு, சபையில் ஒருவராவது வேதம் படிக்கிறாரே என்று மகிழ்ந்தார்.

"காலியா இருந்தாத்தான் நாங்க சான்றிதழ் தர முடியும். நிரப்பறது எங்க வேலை இல்லீங்க. அதுக்குன்னு நிரப்பல் துறைன்னு ஒண்ணு அனுமதி ஆயிருக்கு. ஆள்தான் போடல."

அதோடு விடவில்லை. கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு தாள் பாக்கியிருக்கிறதே என்றார். வேதத்தில் பேயிலிருந்து விடுதலையான மனிதனிடம், உன் வீட்டுக்குப் போய் உன் ஜனங்களிடம் நடந்ததைச் சொல் என்றுதான் கட்டளை. ஆகவே மீட்டர்காரர் தன் சாட்சியைத் தன் இனத்தார் ஒருவருக்காவது முழுதாகச் சொல்லி, முழுதாகக் கேட்டேன் என்று அவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். முப்பது நாள் கெடு. இல்லாவிட்டால் கோப்பு மறுபடி முதல் பக்கத்துக்குப் போகும்.

"வீடு இருக்குங்க ஐயா. ஜனங்கதான் இல்ல."

"அது எங்க வரம்புக்குள்ள வராது."

ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். தூர தேசத்தில் இருக்கிறாள். வாரத்துக்குப் பத்து நிமிஷம். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று அவர் தொடங்கினார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அவள் கேட்டாள். சாப்பிடுகிறேன் என்றார். குழந்தை அழுதது. "அடுத்த வாரம் நிதானமா பேசலாம்பா" என்று வைத்துவிட்டாள். ஆராதனை முடிந்து வாசலில் நின்று பார்த்தார். பேய் இருந்த வீட்டுக்காரர் என்று சேதி பரவியிருந்ததால், குழந்தைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வேலைக்குப் போன வீடுகளிலும் சொல்லிப் பார்த்தார். பத்துப் பதினைந்து வீட்டில் கை வழக்கம்போல மூலையைக் காட்டிவிட்டுப் போயிற்று. ஒரு வீட்டில் ஒருவர் பாதிவரை கேட்டார். கேட்டுவிட்டு, மேல்மாடிக்குத் தண்ணீர் வேகமாக ஏறவில்லை, எங்கே புகார் கொடுப்பது என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அவருடைய சுற்றில் கடைசி மீட்டர் கல்லறைத் தோட்டத்தினுடையது. வாயிற்கதவுக்குப் பின்னால் செடிக்குள் மறைந்திருக்கும். எண்ணைக் குறித்துக்கொண்டார். மனைவியின் கல்லறை ஐந்தாவது வரிசை. போனார். உறுதிமொழித் தாளில் வீட்டுக்குள் என்றுதானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மாதமாகச் சேர்ந்திருந்ததெல்லாம் மடை திறந்தது. கடிதம் வந்த நாளிலிருந்து ஒன்று விடாமல், சத்தம் போட்டே சொன்னார். சுகாதார ஆய்வாளர் கட்டிலுக்கடியில் குனிந்ததைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. பிறகு ஓணான் முட்டையைச் சொன்னார், மகள் சொன்னதைச் சொன்னார். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லாமல் போனபோது கல்லறைமேல் கிடந்த சருகுகளைத் தள்ளினார்.

"அந்தப் பன்றி சர்டிபிகேட்டை ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்களா, இல்லையா?"

திரும்பிப் பார்த்தார். தோட்டத்துக் காவல்காரர், புல் வெட்டும் கத்திரியை மடியில் வைத்துக்கொண்டு நாலு கல்லறை தள்ளி உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக இருக்கிறார் என்று கேட்டதற்கு, கடித உறையைக் கிழித்ததைச் சொன்ன இடத்திலிருந்து இருப்பதாகச் சொன்னார். மீட்டர்காரர் வாங்கிக்கொண்டார்கள் என்றார். பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தார். காவல்காரர் எழுத்துக் கூட்டிப் படித்து, முழுதாகக் கேட்டேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே தோட்டத்து முகவரியை எழுதினார். உறவு என்ற கட்டத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு, 'பக்கத்தில் இருந்தவர்' என்று எழுதினார்.

"இங்க எல்லாரும்தான் வந்து பேசறாங்க. எட்டு வருஷமாக் கேக்கறேன். உங்க இயக்குநர் ஐயாவே மாசம் ரெண்டு தடவை வந்துடுவார். அவங்க அம்மாகிட்ட. ஆபீஸ்ல ஒருத்தரும் தன்னோட உட்கார்ந்து சாப்பிடறதில்லைன்னு அன்னிக்குச் சொல்லிட்டிருந்தார். என்னைப் பார்த்தா நிறுத்திடுவார். அதனால நான் மரத்துக்கு அந்தப் பக்கம் போயிடுவேன்."

திங்கட்கிழமை படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இயக்குநர் கையெழுத்தைப் பார்த்தார், கையெழுத்துக்குக் கீழே இருந்த முகவரியைப் பார்த்தார், நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவியின் கல்லறையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் காவல்காரர் கேட்டார் என்று மீட்டர்காரர் விளக்கியதும், எழுத்தர் அம்மாளையும் இரண்டு ஊழியர்களையும் கூப்பிட்டனுப்பினார்.

"கல்லறைத் தோட்டம். பார்த்தீங்களா? வேதத்துல பேய் பிடிச்ச மனுஷன் எங்க குடியிருந்தான்? கல்லறைகள்ல. ஒரே ஒரு பேய் இல்ல, ஒரு படையே. நாம ஊமைன்னு மூடின கோப்பு. இப்ப கூட்டமா திரும்பி வந்திருக்கு. எழுதிக்கோங்க. செத்துப்போனவங்களோட, அதுவும் கல்லறையில உட்கார்ந்து, வாய்விட்டுப் பேசறது. இதைவிடத் தெளிவான அறிகுறி எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது. நல்ல மனநிலையில இருக்கற எவனும் அதைச் செய்ய மாட்டான்."

எழுத்தர் அம்மாள் வேகமாக எழுதினாள். மீட்டர்காரருக்கு மனதில் எந்த வன்மமும் இல்லை. தான் ஒருவன்தான் அப்படி என்று கோப்பில் ஏறிவிடக் கூடாதே என்பதற்காக மட்டும் சொன்னார்.

"அங்க நிறைய பேர் பேசறாங்களாம் ஐயா. காவல்காரர் சொன்னார். மாசம் ரெண்டு தடவை தவறாம வர்றவங்ககூட இருக்காங்களாம்."

இயக்குநரின் பேனா மேசைமேல் அப்படியே நின்றது. ஜன்னலைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்து, கொஞ்சம் வெளியே இருங்கள் என்றார். அவர்கள் போய்க் கதவு சாத்தியதும் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவர் காதுல எல்லாம் விழுதா?"

"விழுமாம் ஐயா. உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு மரத்துக்கு அந்தப் பக்கம் போயிடுவாராம்."

இயக்குநர் தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டேயிருந்தார். எதையோ கேட்கப் போகிறவர் போல உதடு பிரிந்தது. உங்கள் வீட்டில் புதன்கிழமை என்று இரண்டொரு வார்த்தை வந்தது. அதற்குள் கதவைத் தட்டி எழுத்தர் அம்மாள் எட்டிப் பார்த்து, அடுத்தவரை வரச் சொல்லவா என்றாள். அவர் சட்டென்று நிமிர்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கோப்பின் மேலே 'முடிந்தது' என்று எழுதி ஓரமாகத் தள்ளினார்.

"அடுத்தவர்" என்றார்.

மீட்டர்காரர் அன்று நூற்றுப் பதினெட்டு வீடு முடித்தார். இரண்டு வீட்டில் ஆள் இல்லை. சாயங்காலம் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, அடுப்படிக்குப் போனார். அரிசியை எடுத்துப் பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் விட்டார். இரண்டாவது தண்ணீரைக் கொட்டும்போது வாயைத் திறந்தார். குரல் கரகரத்தது. செருமிக்கொண்டு சொன்னார்.

"அந்த இயக்குநருக்கும் அம்மா இல்லையாம்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. யோசிக்கிறாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, அவர் அரிசியை அடுப்பில் ஏற்றினார்.